அவூர் கைச் சாப்பாடு

காபொண்டோ, கென்யா
20 பிப்ரவரி 1989

அண்ணா,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. மல்லவித் தபால்காரர் நம் மருந்துக்கடை வாசலில்தான் சைக்கிளைச் சாத்திவைப்பார், அதனால் கடிதம் வரவில்லை என்று நீ சொல்ல முடியாது. கோபம் ஆறவில்லை என்றால் கோபமாகவே நாலு வரி எழுது. வாங்கிக்கொள்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். இவ்வளவு நன்றாக எப்போதும் இருந்ததில்லை. சபையிலிருந்து என்னோடு ஊழியத்துக்கு வந்த மூவரும் கிசுமு நகரத்து மிஷன் வீட்டில் தங்கிவிட்டார்கள். அங்கே கட்டில், ஃபிரிட்ஜ், இரவானால் தொலைக்காட்சி. கெய்ரோவில் சித்தப்பா வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். ஏரிக்கரைக் கிராமத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்றதும் முதலில் கையைத் தூக்கியது நான்தான்.

காலையில் கோயில் கொட்டகையில் மருந்து கொடுக்கிறேன். மாலையில் பெண்களோடு ஜெபம். ஒரே பை, இரண்டு கவுன், ஒரு தட்டு, ஒரு பாய். இன்னும் எதைக் குறைக்கலாம் என்றுதான் மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்று கண்ணாடியையும் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன்.

அவூர் என்ற விதவையின் வளவில் ஒரு குடிசை கொடுத்திருக்கிறார்கள். அவள் புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன் வயிற்றுவலியில் போய்விட்டாராம். படகுத்துறையில் ஒரு பெஞ்சு போட்டு, மீன் பொரித்து, சோளமாவுக் களியோடு விற்கிறாள். அதுதான் அவள் பிழைப்பு. என் பையைப் பார்த்ததும், "இவ்வளவுதானா? வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களா உன்னை?" என்று கேட்டாள். இந்த ஊர்க் கோயில் உபதேசியார் ஒடேரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். பிறகு தன் மெத்தையைத் தலையில் சுமந்து வந்து போட்டாள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. கூச்சம் போலிருக்கிறது.

அவள் பொரிக்கும் மீன் மாதிரி நான் எங்கும் சாப்பிட்டதில்லை. நோன்பு தொடங்குமுன் ஒரு பிடி பிடிக்கிறேன்.

எழுது, அண்ணா.
ஃபீபி

---

மல்லவி, எகிப்து
4 மார்ச் 1989

ஃபீபிக்கு,

நாலு வரி கேட்டாய். நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்.

கெய்ரோவுக்குச் சரக்கு எடுக்கப் போனவன் மூன்று நாளில் திரும்பி வருகிறேன். அம்மா அறை கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. கட்டில் இல்லை, பஞ்சுப் போர்வை இல்லை, அவள் உட்கார்ந்து பட்டாணி உரிக்கும் நாற்காலி இல்லை. அம்மா போய் நாற்பதாம் நாள் ஜெபம்கூட முடியவில்லை. நீ நடுவீட்டில் நின்றுகொண்டு, "எல்லாத்தையும் ஏழைங்களுக்குக் கொடுத்துட்டேன் அண்ணா, மனசு லேசாயிடுச்சு" என்கிறாய். உன் மனசு லேசாயிற்று. என்னுடையது?

எளிமையாக வாழ ஆசை என்றால் உன் கட்டிலைக் கொடுக்க வேண்டியதுதானே. அம்மா கட்டில் உனக்கு மட்டும் சொந்தமா? அதை வாங்கி ஆள் பார்த்துப் பங்கு போட்ட நம் கோயில் குரு அபூனா மித்தியாஸ் முகத்திலும் அன்றிலிருந்து நான் விழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஊரே அதைத்தான் பேசுகிறது, பேசட்டும்.

திங்கட்கிழமை பெருநோன்பு தொடங்குகிறது. இந்த வருஷம் நான் நோன்பு பிடிக்கப் போவதில்லை. இதையும் அபூனாவுக்கு எழுதிப் போடு, போ.

ஒன்று கேட்கட்டுமா? அந்தப் பொம்பளை மெத்தையைத் தலையில் சுமந்து வந்தாள் என்று எழுதியிருக்கிறாய். அவள் வீட்டில் எத்தனை மெத்தை என்று பார்த்தாயா? ஒன்றுதான் என்றால் அது கூச்சம் இல்லை. எனக்கு அந்த முகம் தெரியும். வெறும் அறையில் நின்றபோது என் முகமும் அப்படித்தான் ஆனது.

மலேரியா மாத்திரை வேளை தவறாமல் போடு. அங்கே கொசு அதிகம் என்கிறார்கள். இதை அக்கறை என்று எடுத்துக்கொள்ளாதே, மருந்துக்கடைக்காரன் பேச்சு.

வஹீப்

---

காபொண்டோ
14 மார்ச் 1989

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கட்டில் விஷயத்தில் நான் செய்தது தப்பு. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அந்த அறைக்குள் என்னால் காலெடுத்து வைக்க முடியவில்லை, அதனால் காலி செய்தேன். ஏழைகள் என்றது பிறகு சொல்லிக்கொண்ட காரணம். இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நோன்பு தொடங்கி ஒன்பது நாள். மீனும் பாலும் ஆகாத நம் நோன்பை இங்கே பிடிப்பது தனி வேலை. எண்ணெய்ச் சட்டியில் மீன், களிக்குத் தொட்டுக்கொள்ள மீன், குழம்பிலும் மீன். முதல் நாள் அவூர் எனக்கென்று ஒரு பெரிய மீனை முழுசாகப் பொரித்து, வளவிலிருந்த பெண்கள் எல்லாரும் பார்க்கத் தட்டில் வைத்து நீட்டினாள். நான் கும்பிட்டு, வேண்டாம் என்றேன். "ஏன், மீனு உன்னை முறைக்குதா?" என்றாள். எனக்கு வந்த நாலு வார்த்தையில், "இனிமே ஐம்பத்தஞ்சு நாளைக்கு உன் சாப்பாடு வேண்டாம்" என்று சொன்னேன். நோன்புக்கு அவர்கள் மொழியில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒடேரோ அன்று கிசுமு போயிருந்தார்.

இப்போது மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று வாங்கி, குடிசை வாசலில் நானே மொச்சை அவித்துக்கொள்கிறேன். பிற்பகல் மூன்று மணிவரை தண்ணீரும் இல்லை. அதன்பின் ஒரு தட்டு. அவ்வளவுதான். அவளுக்கும் ஒரு வேலை மிச்சம். யாருக்கும் பாரமாக இல்லாமல் வாழ்வது எவ்வளவு நிம்மதி!

அப்படி எழுதிவிட்டேனே தவிர நிம்மதியாக இல்லை. இரவெல்லாம் புரண்டுகொண்டே இருக்கிறேன். அவூர் பேசுவது குறைந்துவிட்டது. காலையில் வாசல் பெருக்கும்போது என் குடிசைப் பக்கம் மட்டும் விட்டுவிட்டுப் போகிறாள். துறையில் அவள் பெஞ்சிலும் ஆளைக் காணோம். மீன் பாடு குறைவோ என்னவோ. பக்கத்துப் பெஞ்சில் கூட்டம் இருக்கிறது.

மெத்தை ஒன்றுதான், அண்ணா. போய்ப் பார்த்தேன்.

ஃபீபி

---

காபொண்டோ
22 மார்ச் 1989

அண்ணா,

மிஷனிலிருந்து கெய்ரோ போகிற ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்த கையோடு எழுந்திரு. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

நேற்று மருந்து வாங்க வந்த ஒருத்தி, "நீ அவூர் வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்ட? வயிறு வலிச்சுதா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒடேரோவைக் கூப்பிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிடித்து உலுக்காத குறையாகக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சிஸ்டர், இங்க ஒரு வீட்டுல வச்ச தட்டைத் தள்ளினா, அந்த வீட்டுக்காரி கையில விஷம் இருக்குன்னு அர்த்தம். வேற அர்த்தமே கிடையாது. நீங்க மூணு வாரம் அவ கையால சாப்பிட்டீங்க. திடீர்னு ஒரு நாள் எல்லார் முன்னாடியும் வேண்டாம்னுட்டீங்க. அதே வாசல்ல தனியா அடுப்பு வச்சுச் சமைக்கிறீங்க. ஊர்ல என்ன பேசுவாங்க?"

"நான் நோன்புன்னு நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். கோயில்காரங்க நாங்களும் நோன்பு இருக்கோம், ஆனா மீனு தின்னுக்கிட்டுத்தான இருக்கோம்னு சிரிக்கிறாங்க. உங்களுக்கு மருந்து தெரியும் சிஸ்டர். மருந்து தெரிஞ்சவங்களுக்கு விஷமும் தெரியும்பாங்க. நீங்க எதையோ கண்டுபிடிச்சுட்டீங்களாம். அவ புருஷனும் வயித்து வலியிலதான போனாரு."

"நீங்க அவ பெஞ்சுல சாப்பிடறீங்களா?"

அவர் பைபிளை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அண்ணா, உபதேசியாரும் சாப்பிடவில்லை.

பதினாறு நாளாக அவள் தினமும் மீன் பொரித்து, தினமும் திரும்பக் கொண்டுவந்து, ஏரியில் கொட்டியிருக்கிறாள். நான் வாசலில் உட்கார்ந்து மொச்சை அவித்துக்கொண்டு, ஆண்டவரே என்னை எவ்வளவு எளிமையாக்கிவிட்டீர் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். புருஷன் வீட்டார் வந்து, கொலைகாரிக்கு இந்த வளவில் இடமில்லை என்று கத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த தடவை சும்மா கத்திவிட்டுப் போகமாட்டார்கள் என்கிறார் ஒடேரோ.

நான் அவள் கையால், எல்லாரும் பார்க்க, மீன் சாப்பிட வேண்டும். அதற்கு நோன்பை முறிக்க வேண்டும். கிசுமுவில் கேட்டேன். "ஊருக்குப் பயந்து நோன்பை விடறதா? அவங்களுக்கு நம்ம நோன்பை விளக்கிச் சொல்லு" என்கிறார்கள். விளக்கிச் சொல்லிச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறது. என் பாவசங்கீர்த்தனம் கேட்கிற அபூனா மித்தியாஸ்தான் அனுமதி தர முடியும். நீ போய் அவரைக் கேள். அவர் முகத்தில் விழிக்க மாட்டாய் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

ஃபீபி

---

மல்லவி
28 மார்ச் 1989

ஃபீபி,

உன் இரண்டு கடிதமும் அடுத்தடுத்து வந்தன. முதலாவதைப் படித்து, கட்டிலைப் பற்றி நீ எழுதியதற்கு என்ன பதில் போடுவது என்று இரண்டு நாள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வந்ததும் கடையைப் பூட்டினேன்.

போகிற வழியெல்லாம் அபூனாவிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். நாலு மாதமாகச் சேர்த்துவைத்த பேச்சு, லேசுப்பட்டதா? கோயில் வாசலில் கிழவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வஹீப், வாடா. அந்தக் கட்டிலைப் பத்தி உன்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்டா. கேக்காம வாங்கினது என் தப்பு. மன்னிச்சுக்கோ" என்றார். அவ்வளவுதான். நாலு மாதப் பேச்சும் வீணாய்ப் போயிற்று. அந்தச் செருப்பை நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் உன்மேல் இல்லை, தன்மேல்.

"இதுக்கா என் அனுமதி வேணும்? இத்தனை வருஷம் இந்தப் பொண்ணுக்கு நான் என்னத்தடா சொல்லிக்கொடுத்தேன்? சாப்பிடச் சொல்லு. இன்னைக்கே சாப்பிடச் சொல்லு. அந்தம்மா என்ன வச்சாலும் ஈஸ்டர் வரைக்கும் சாப்பிடச் சொல்லு."

"அப்போ அவ நோன்பு?"

"நோன்பு எங்கேயும் போகாது. அதை நீ பிடி."

"நானா? நான் இந்த வருஷம்..."

"தெரியும்டா. நேத்திக்கு உன் கடையில பாலாடைக்கட்டி வாசனை தெருமுனை வரைக்கும் வந்துச்சு. இன்னையிலிருந்து அவளோட நோன்பு உன்னோடது. மூணு மணி வரைக்கும் தண்ணியும் கூடாது, ஞாபகம் வச்சுக்கோ."

ஆக, உன் புண்ணியத்தில் நானும் இப்போது அவித்த மொச்சையும் பச்சை வெங்காயமும்தான். இரண்டு மணிக்கே கண் கட்டுகிறது. வாடிக்கையாளர் எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன். நீ அங்கே ஒவ்வொரு மீனாக வெட்டும்போது, மல்லவியில் ஒருவன் அதற்காகப் பட்டினி கிடக்கிறான் என்று நினைத்துக்கொள்.

எனக்குப் பயமாகவும் இருக்கிறது. இந்தக் கடிதம் அங்கே வர பத்து நாளாவது ஆகும். பத்து நாளில் அந்தப் பொம்பளை என்ன ஆவாள்? நீ அனுமதிக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயோ என்று நினைத்தால் எனக்கு உட்காரவே முடியவில்லை. காத்திருக்காதே. வாழ்க்கையில் ஒரு தடவையாவது யாரையும் கேட்காமல் செய், ஆனால் இந்தத் தடவை சரியான காரியத்தை.

வஹீப்

---

காபொண்டோ
8 ஏப்ரல் 1989

அண்ணா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் காத்திருக்கவில்லை.

மார்ச் 30, வியாழக்கிழமை சந்தை. அதற்கு முந்தின நாள், மொழிபெயர்க்க ஒடேரோவைக் கூட்டிக்கொண்டு அவூரிடம் போய், "எனக்குச் சாப்பாடு போடு" என்றேன். அவள் வலை முடிந்துகொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "நான் சந்தோஷமா வச்சப்போ நீ சாப்பிடல. இப்ப மருந்து குடிக்கிற மாதிரி வந்து நிக்கிற. எனக்கு வேண்டாம்" என்றாள். நான் அழுதேன். அழுகைக்கெல்லாம் அவள் அசையவில்லை. வலையில் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, "சாப்பிடறதுன்னா துறைக்கு வா. மத்தவங்க மாதிரி பெஞ்சுல உக்காந்து, காசு குடுத்துச் சாப்பிடு" என்றாள்.

போனேன். பெஞ்சில் நான் ஒருத்திதான். சந்தையே நின்று பார்த்தது. முழு மீன், தலையோடு. களியைக் கிள்ளிக் கிள்ளித் தொட்டுச் சாப்பிட்டேன். முள்ளைச் சப்பினேன். இன்னொன்று கேட்டேன். யாராவது வந்து பக்கத்தில் உட்காருவார்கள் என்று பார்த்தால் ஒருவரும் வரவில்லை. ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. நான் சாகிறேனா என்று பார்க்கக் காத்திருந்தார்கள். வெள்ளியும் சனியும் கொட்டகைக்கு மருந்து வாங்க ஐம்பது பேர் வந்தார்கள், பாதிப்பேருக்கு ஒரு நோயும் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குளிர் ஜுரம் வந்தது.

திட்டாதே. மாத்திரையை இரண்டு வாரம் மறந்துவிட்டேன். மலேரியாதான், ஒரு மருந்துக்கடைக்காரிக்கு இதுகூடத் தெரியாதா? குளோரோகுயின் போட்டுக்கொண்டு பாயில் கிடந்தேன். பல் கிட்டிக்கொண்டது. என் பயம் ஜுரத்தைப் பற்றி இல்லை. நான் படுத்துவிட்டேன் என்று ஒரு ஆளுக்குத் தெரிந்தால் போதும், அவூர் தீர்ந்தாள். மறுநாள் திங்கள், மறுபடி சந்தை. சந்தைக்கு வரவில்லையே என்று தேடினாலும் அவள் தீர்ந்தாள்.

எழுந்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். குடிசையிலிருந்து துறைவரை எப்படி நடந்தேன் என்று எனக்கே தெரியாது. எதிர்ப்பட்ட எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து, "மீன்" என்றேன். தட்டைக் கொடுக்கும்போது அவள் விரல் என் கைமேல் பட்டது. அப்படியே நின்றுவிட்டாள். கை அனலாகச் சுட்டிருக்கும்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் நினைத்திருந்தால் கத்தியிருக்கலாம், ஓடியிருக்கலாம். சட்டியைப் பெஞ்சருகே இறக்கிவைத்தாள். வந்து என் பக்கத்தில் இடுப்போடு இடுப்பு இடிக்க உட்கார்ந்தாள். நான் சரியாமல் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்தாள். என் தட்டிலிருந்தே ஒரு துண்டு பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, சந்தைக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள்.

"பாருங்கடி இவளை! மூணாவது மீனு கேக்குறா! இந்த வயிறு எங்கதான் கொள்ளுதோ! எகிப்துல பஞ்சமா என்ன?"

யாரோ சிரித்தார்கள். எனக்கு வாயெல்லாம் கசப்பு. ஒவ்வொரு வாய்க்கும், "முழுங்கு. கக்கினே, கொன்னுடுவேன்" என்று காதோரம் முணுமுணுத்தாள். முழுங்கினேன். எத்தனை வாய் என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் பெஞ்சு ஆடியது. நிமிர்ந்து பார்த்தால் எதிரில் ஒடேரோ உட்கார்ந்திருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "எனக்கும் ஒண்ணு போடு, அவூர்" என்றார். பிறகு இரண்டு படகுக்காரர்கள். பிறகு என்னிடம் வயிறு வலித்ததா என்று கேட்டவளே வந்தாள். சட்டி காலியாகிறவரைக்கும் அவள் என் தோளை விடவில்லை. மீனை எடுப்பதும் தட்டில் வைப்பதும் எல்லாம் ஒரு கையால்.

நாலு நாள் தன் குடிசைக்குள் என்னை ஒளித்துவைத்துப் பார்த்தாள். வெளியே கேட்டவர்களிடம், எனக்குச் சமையல் சொல்லித்தருகிறாளாம். இப்போது ஜுரம் இல்லை. பெஞ்சில் இடம் பிடிக்க நிற்க வேண்டியிருக்கிறது. புருஷன் வீட்டாரிலும் ஒருவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கதை சுபம் என்று நினைத்துவிடாதே. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று, உன் கடிதம் வந்த சந்தோஷத்தில், மொச்சையை நம் வீட்டு மாதிரி சீரகமும் எலுமிச்சையும் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, தட்டு நிறைய எடுத்துக்கொண்டு அவூரிடம் போனேன். வளவில் எட்டுப் பத்துப் பெண்கள் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தட்டை நீட்டினேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். "எனக்கு நோன்பு."

செதில் எடுக்கிற சத்தம் நின்றது. எல்லாரும் என்னையும் தட்டையும் பார்த்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணா, நான் அந்த மொச்சையில் ஒன்றும் போடவில்லை என்று எனக்கே ஒரு நொடி நிச்சயமில்லாமல் போயிற்று. காது மடல் எரிந்தது. தட்டைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, திரும்பிப் போகவும் கால் வரவில்லை. அவள் என்னை நிற்கவிட்டாள். அவசரப்படாமல் நிற்கவிட்டாள்.

பிறகு எழுந்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தட்டை வாங்கினாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள்.

நான் நின்றது அரை நிமிஷம் இருக்கும். அவள் இருபத்துநாலு நாள் நின்றிருக்கிறாள்.

எல்லாரும் பார்க்க உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். தட்டை விரலால் வழித்தாள். திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"உப்பு பத்தல," என்றாள். "நாளைக்குச் சரியாப் போடு."

ஃபீபி